வெளிநாட்டில் படிக்க: நாட்டை அல்ல, படிப்பை முதலில் தேர்ந்தெடுங்கள்

"கனடாவா, ஜெர்மனியா?" என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். படிப்பு சரியாக அமைந்துவிட்டால், எந்த நாடு என்பது பாதி முடிவானது போலத்தான்.

1. பட்டியல்

எட்டுப் பத்துப் படிப்புகள் போதும். தரவரிசையை விட்டுவிட்டு, பாடத்திட்டப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு செமஸ்டரிலும் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று படியுங்கள். ஜெர்மனிக்கு டிஏஏடி (DAAD, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தளத்தின் தேடல் வசதியைத்தான் நான் சொல்வேன். ஆங்கிலவழிப் படிப்புகளை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டும். ஏஜென்டை மட்டும் நம்ப வேண்டாம். பலருக்குக் கல்லூரிகளிடமிருந்தே கமிஷன் வருகிறது. கமிஷன் தராத கல்லூரி உங்கள் கண்ணில் படாமலே போகலாம்.

2. மொழித்தேர்வு

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் பொதுவாக 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அவசரப்பட்டு முன்கூட்டியே எழுத வேண்டாம்.

3. பணம்

நான் அதிகம் திணறிய இடம் இது. கல்விக் கட்டணம் வேறு, விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் வேறு. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். கட்டணமே இல்லாத இடத்திலும் செலவுக்குப் பணம் காட்டியாக வேண்டும். 2024 செப்டம்பரில் முடக்கக் கணக்குக்கான (blocked account, செலவுப் பணத்தைப் போட்டுக் காட்டும் கணக்கு) தொகை ஆண்டுக்கு 11,904 யூரோவானது. போட்ட பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது. மாதம் 992 யூரோதான் கைக்கு வரும்.

பிரிட்டனில் சிக்கல் வேறு மாதிரி. பணத்தைக் காட்ட வேண்டியவர்கள், தேவையான முழுத்தொகையையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் அந்த 28 நாள் செல்லாது. அந்த 28-ஆவது நாளுக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகவும் கூடாது. ஆகவே விண்ணப்பத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வேறு நாணயத்தில் வைத்திருந்தால் மாற்று விகிதம் இறங்கக்கூடும். கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வையுங்கள். இதையெல்லாம் மனக்கணக்கில் வைக்காமல் ஒரு கூகுள் ஷீட்டில் நாடு வாரியாக எழுதிவிடுங்கள்.

4. படிப்புக்குப் பிறகு

ஜெர்மனியில் பட்டம் பெற்ற பின் வேலை தேட 18 மாதம் வரை தங்கலாம். அமெரிக்காவில் ஓபிடி (OPT, படித்த துறையில் வேலை பார்க்கத் தரும் அனுமதி) 12 மாதம்; தகுதியுள்ள அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கு மேலும் 24 மாதம் கிடைக்கும். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் தளத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

பின்சேர்க்கை: "மாமா கணக்கில் இருக்கும் பணத்தைக் காட்டலாமா?" என்று கேட்டிருந்தார்கள். பிரிட்டனுக்கு அது செல்லாது. பெற்றோர் கணக்கு என்றால் காட்டலாம். கூடவே உங்கள் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்தச் சம்மதம் என்று அவர்கள் எழுதித் தந்த கடிதமும் வேண்டும். மாமாதான் உதவுகிறார் என்றால், 28 நாள் தொடங்குவதற்கு முன்பே பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள்.