ஒப்படைத்துவிட்டு உட்காருவது எப்படி?

என் மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் முழங்கால் வலிக்காக வருகிறார்கள். இன்னும் சிலர் ராத்திரி தூக்கம் வராமல் வருகிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்துக்கு நான் முதலில் சொல்லித் தருவது ஈஸ்வர பிரணிதானம், அதாவது நம் செயலையும் அதன் பலனையும் இறைவனிடம் விட்டுவிடுவது. யோக சூத்திரம் என்ற நூலை எழுதிய பதஞ்சலி ரொம்பச் சுருக்கமாகப் பேசுகிறவர். அவரே அதன் முதல் பாதத்தில், அதாவது முதல் அத்தியாயத்தில், இதைச் சமாதிக்கு, மனம் முழுக்க ஒடுங்கும் நிலைக்கு, ஒரு வழியாகச் சொல்லி, இரண்டாம் பாதத்தில் கிரியா யோகம் என்ற செயல்வழிப் பயிற்சியிலும் சேர்த்து, நியமங்கள் என்ற ஐந்து ஒழுக்கங்களில் ஒன்றாகவும் வைத்திருக்கிறார்.

"அப்போ நாம எதுவும் செய்ய வேண்டாமா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். செய்யத்தான் வேண்டும். கிரியா யோகத்தில் தவமும் சுவாத்தியாயமும் (நூல் ஓதுவதும் ஜபமும்) முன்னால் நிற்கின்றன, இந்த ஒப்படைப்பு, அதாவது சரணாகதி, அவற்றோடு கைகோத்துத்தான் வருகிறது.

உட்காருவதிலிருந்து தொடங்குங்கள். நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்கிறது சூத்திரம். முயற்சியைத் தளர்த்தினால் அது கைகூடும் என்று அடுத்த சூத்திரமே சொல்கிறது. போர்வையை நான்காக மடித்து இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டால் முழங்கால் தானாகத் தாழும். தரையில் முடியாதவர்கள் பாதம் தரையில் படும்படி நாற்காலியில் உட்காரலாம், குறைவொன்றும் இல்லை. கடித்துக்கொண்டிருக்கும் பல்லை விடுங்கள். நாக்கு மேலண்ணத்தில் அழுந்தியிருக்கும், அதையும் விடுங்கள். தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், இறக்குங்கள். உடம்பு இறுகிக் கிடக்கும்போது மனசு மட்டும் எதையும் விடாது.

அப்புறம் மூச்சு. நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். அடக்க வேண்டாம். இழுக்கப் பதினாறு, அடக்க அறுபத்துநான்கு, விட முப்பத்திரண்டு என்று திருமூலர் சொல்லும் கணக்கைக் குரு பக்கத்தில் இல்லாமல் முயலக் கூடாது. நமக்கு இங்கே வெளிமூச்சு நீண்டால் போதும்.

மூச்சு சீரானதும் ஒரே ஒரு கவலையை எடுங்கள். "என் வாழ்க்கையையே ஒப்படைக்கிறேன்" என்பது சொல்ல நன்றாக இருக்கும், ஆனால் அதில் எதையும் நாம் உண்மையில் விட்டிருக்க மாட்டோம். மகனின் நீட் முடிவுக்காகக் காத்திருந்த ஒரு அம்மாவிடம், "உங்கள் கையில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்" என்றேன். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், விண்ணப்பத் தேதி என்று எண்ணினார். "அதையெல்லாம் நாளைக்கே செய்துவிடுங்கள். மதிப்பெண்ணை மட்டும் முருகனிடம் கொடுங்கள்" என்றேன். அவர் வாய்விட்டு, வீட்டில் பேசுகிற தமிழிலேயே, "முருகா, இது உன் பொறுப்பு" என்றார். இப்படித்தான் சொல்ல வேண்டும், உங்களுக்குப் பழகிய பேச்சில், விஷயத்தின் பெயரைச் சொல்லி.

அடுத்தது ஜபம். ஓங்காரத்தை அதன் பொருளை நினைத்தபடி ஜபிக்கச் சொல்கிறார் பதஞ்சலி. அவர் சொல்லும் ஈஸ்வரனுக்கு உருவமோ ஊரோ கிடையாது. துன்பமும் வினையும் தீண்டாதவன், முன்னோர்க்கும் குரு, அவ்வளவுதான். அதனால் உங்கள் இஷ்ட தெய்வத்தின் பெயரையே தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஒரு முறை, மனசுக்குள், பத்து நிமிடம்.

கொடுத்த கவலை இரண்டே நிமிடத்தில் திரும்பி வரும், வரத்தான் செய்யும். ரயில் எல்லாப் பாரத்தையும் சுமந்துகொண்டு போகும்போது, அதில் ஏறிய நாம் நம் சின்ன மூட்டையை ஏன் தலையில் வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டும் என்று கேட்டார் ரமண மகரிஷி. மூட்டை மறுபடி தலைக்கு வந்துவிட்டது தெரிந்தால், மறுபடி இறக்கி வையுங்கள். சண்டை வேண்டாம், உங்களைத் திட்டிக்கொள்ளவும் வேண்டாம். இந்த மறுபடி மறுபடி இறக்குவதுதான் அப்பியாசம். என்னைக் கேட்டால், ஒரு முறைகூட நினைப்பு ஓடாமல் உட்கார்ந்தவரைவிட இருபது முறை இறக்கி வைத்தவர்தான் அன்றைக்கு நன்றாகத் தியானம் செய்தவர்.

காலையில் குளித்தபின் ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை செய்யுங்கள். ராத்திரி படுத்துக்கொண்டே செய்தாலும் சரி, ஜபத்திலேயே தூங்கிப்போனாலும் சரி.

வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, நெஞ்சு படபடக்கிறது, வாழவே பிடிக்கவில்லை என்றிருந்தால் டாக்டரைப் பாருங்கள். யோகத்துக்கு வரும் ஒன்பது தடைகளை அடுக்கும்போது பதஞ்சலி முதலில் வைத்ததே வியாதியைத்தான். மாத்திரை கொடுத்தால் வேளை தவறாமல் சாப்பிடுங்கள், கூடவே ஜபத்தையும் தொடருங்கள்.