பிடிவாதக்கார ஆயாவைப் பார்த்துக்கொள்வதில் நாங்கள் செய்த தவறுகள்

முதல் தவறு, சாவியை வாங்கியது. எங்கள் ஆயா (அப்பாவின் அம்மா) வழுக்கி விழுந்த மறுநாளே இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து வைத்துவிட்டோம். பீரோ பக்கம் போய் மறுபடி விழுந்துவிடக் கூடாதே என்றுதான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மாத்திரையையும் தொடவில்லை. சாவி கைக்கு வந்ததும், "ம், இப்ப ரசம் ஊத்து" என்றது.

அதிகாரத்தைப் பிடுங்காமல், அது நடக்கும் இடத்தைப் பத்திரமாக்கியிருக்க வேண்டும். பீரோவைக் கட்டிலருகே நகர்த்தினோம், கழிவறைச் சுவரில் கைப்பிடி வைத்தோம், ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு. மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கினால் ஆயாவுக்கும் அங்கே ஒரு நாற்காலி. எங்கள் கடலூர் முதுநகரில் மீன் வாங்கத் தெரியாதவர்களை ஆயா மனுஷராகவே எண்ணாது. சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "சிவப்பே இல்லையேடி" என்று பத்து ரூபாய் குறைத்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

பெரிய தவறு வேறு. எழுந்து போகவேண்டுமே என்று சாயந்திரமானால் ஆயா தண்ணீர்ச் சொம்பைத் தள்ளிவைத்துவிடும். ராத்திரி தொந்தரவில்லை என்று நாங்களும் இருந்துவிட்டோம். மே மாத வெயில். ஒரு நாள் காலையில் என்னைத் தன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பால்காரரைத் திட்டவில்லை. "வயசாச்சு" என்று இரண்டு நாள் தள்ளினோம். பரிசோதித்தால் சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்தும் குறைந்திருந்தது. முதியவர்களுக்குக் காய்ச்சல், எரிச்சல் எதுவும் இல்லாமல் குழப்பம் மட்டுமே அறிகுறியாக வரலாம். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். ஒன்றிரண்டு நாளில் ஆள் மாறிப்போனால் அன்றே டாக்டரிடம் போங்கள். நான்காம் நாள் ஆயா நர்ஸைத் திட்டியபோது நாங்கள் நிம்மதியாகச் சிரித்தோம். (இதயம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் தண்ணீர் அளவை டாக்டரே சொல்லட்டும்.)

கிருத்திகை விரதத்துக்கும் சண்டை போட்டிருக்கிறோம். சண்டை வீண். ஆயா விரதத்தை விடாது, சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு இருக்கும். சர்க்கரை இறங்கி வியர்த்துக் கை நடுங்கியது அப்படித்தான். விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும்போது ஆயாவும் கூட இருக்கட்டும். அவரைத் தாண்டி டாக்டரும் நாமும் பேசிக்கொண்டால், வீட்டுக்கு வந்ததும் எதுவும் நடக்காது.

மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் ஒளிக்காதீர்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் சோற்றையும் நம்பமாட்டார். படுக்கவைத்து ஊட்டாதீர்கள், புரையேறும். படுக்கையிலிருந்து சட்டென்று தூக்கி நிறுத்தாதீர்கள், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். படுத்த படுக்கை என்றால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் அம்மா தலையில் கட்டியதும் எங்கள் தவறுதான். 2021-ல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. முதியோர் உதவி எண் 14567. ஆனால் ராத்திரிக் காவலுக்கு ஆள் வேண்டுமே. "சின்ன அத்தை வந்து படுத்துக்கட்டும்" என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் ஆயா முடியாது என்றது. கடைசியில் அம்மாவே போய், "எனக்கு முதுகு ஒடியுது அத்தை" என்றார்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? அவளை வரச் சொல்லு."