கோதுமை மாவிலிருந்து குளுட்டனைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தும் முறை

பிசைந்த கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவினால், மாச்சத்து பால்போல் கரைந்தோட, இழுபடும் புரதத் திரள் ஒன்று கையில் எஞ்சும். அதுவே குளுட்டன். பொலோஞா நகரத்து அறிஞர் பெக்காரி இம்முறையில் அதைப் பிரித்தெடுத்த ஆய்வு 1745இல் அச்சேறியது.

பாணுக்கும் பராட்டாவுக்கும் ஏற்ற, புரதம் 11 சதவீதத்துக்குக் குறையாத வெள்ளை மாவே இதற்கு உகந்தது. ஆட்டா மாவிலுள்ள தவிட்டுத் துணிக்கைகள் புரத வலையை அறுத்துவிடும். 500 கிராம் மாவில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் தண்ணீரும் சேர்த்து, பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள்.

பிசையும்போது நடப்பதை அறிந்தால் மற்றவை எளிது. குளுட்டனில் கிளியடின், குளுட்டெனின் என இரு வகைப் புரதங்கள் உள்ளன. கிளியடின் பெரும்பாலும் தனித்தனி உருண்டை மூலக்கூறுகளாக இருந்து மாவுக்கு வழியும் தன்மையைத் தருகிறது. குளுட்டெனினோ, இருசல்பைட்டுப் பிணைப்புகளால் (இரு கந்தக அணுக்கள் சேரும் பிணைப்புகளால்) கோக்கப்பட்ட மிக நீண்ட சங்கிலிகளாக இருந்து, இழுத்தாலும் மீளும் வலுவைத் தருகிறது. இரண்டிலும் அமினோ அமிலங்களில் மூன்றிலொரு பங்களவு குளுட்டமின் என்பதால், சங்கிலிகளுக்கிடையே ஐதரசன் பிணைப்புகள் பெருகுகின்றன. தண்ணீரில் கரையாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிசைந்த மா உருண்டையைத் தண்ணீரில் மூழ்கவைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். நுவரெலியாவின் மார்கழிக் குளிரில் மா இறுகி நிற்குமாதலால், வெதுவெதுப்பான தண்ணீரும் இரட்டிப்பு நேரமும் தேவை. பிறகு தண்ணீரை மாற்றி மாற்றி, தெளியும்வரை கசக்கிக் கழுவினால் சுமார் 150 கிராம் ஈரக் குளுட்டன் கிடைக்கும். தொடக்கத்தில் அது பிய்ந்து சிதறுவதுபோல் தோன்றும். பொறுமையாகச் சேர்த்துப் பிடித்தால் திரளும்.

சமைப்பதில்தான் மலைநாட்டார் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. நுவரெலியாவின் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. சூடேறும்போது குளுட்டெனின் முதலில் பிணைந்து இறுகும். கிளியடின் அந்த வலையில் சேர்வதற்கு 90 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவே கொழும்பில் எழுதப்பட்ட சமையல் குறிப்பின் நேரத்தை நம்பாமல், சிறு துண்டுகளாக்கி, பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வேகவைப்பதே என் பரிந்துரை. பின்னர் சோயா மீற் கறிபோலச் சமைக்கலாம். லைசின் என்னும் அவசியமான அமினோ அமிலம் குறைந்த புரதம் என்பதால் பருப்போடு உண்பது நல்லது. சீலியாக் நோயுள்ளவர்கள் (குளுட்டனால் குடல் பாதிக்கப்படுபவர்கள்) இதைத் தொடவே கூடாது.

உண்பதற்கன்றி, தாள் போன்ற பொருளாக்க விரும்பினால், ஈரக் குளுட்டனை மெல்லியதாகப் பிய்த்து 50 பாகைக்கு மேற்படாத சூட்டில் உலர்த்திப் பொடியாக்குங்கள். அதிகம் சூடானால் மீண்டும் தண்ணீரில் இழுபடாது. பருவமழைக் காலத்தில் வெயிலை நம்ப வேண்டாம். பொடியின் எடையில் மூன்றிலொரு பங்கு கிளிசரின் கலந்து பிசைந்து, 120 பாகையளவு சூட்டில் தட்டையான இரும்புத் தகடுகளுக்கிடையே அழுத்தினால் வளையும் தாள் உருவாகும். கிளிசரின் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றை வழுகவிடாவிட்டால், தாள் நொறுங்கிவிடும். உலர்ந்த நிலையில் அது ஒட்சிசனை நன்கு தடுக்கும், நீராவியைத் தடுக்காது. எனவே மூடுபனி சூழ்ந்த தோட்டத்தில் தேயிலையைப் பொதிய இதைப் பயன்படுத்தாதீர்கள். நாற்றுப் பைகளுக்குப் பொருந்தும். மண்ணில் சில வாரங்களில் மக்கிவிடும்.

கழுவிய தண்ணீரை இரவு முழுதும் தெளியவிட்டால் அடியில் படியும் மாச்சத்தைக் காய்ச்சிக் காகிதப் பசையாக்கலாம்.