கோதுமை மணிக்குள் மாவுச்சத்து சேர்வதைப் பார்ப்பது எப்படி?

கதிரின் நடுப்பகுதியில் மஞ்சள் மகரந்தப்பைகள் வெளியே தொங்கும் நாளிலேயே அக்கதிரில் நூல் கட்டித் தேதியைக் குறித்துவிடுங்கள். இதைத் தவறவிட்டால் பின்னர் மணியின் வயதைத் துல்லியமாகக் கணிக்க முடியாது.

மூன்று நாள்களுக்கு ஒருமுறை நடுக்கதிரிலிருந்து ஒரு மணியை எடுத்து, பிளேடால் குறுக்கே மெல்லியதாகச் சீவி, வெளிர்ந்த தேநீர் நிறத்துக்கு நீர்த்த அயோடின் கரைசலில் ஒரு துளியை விடுங்கள்; மாவுச்சத்து இருக்கும் இடம் நீலமாகும். முதல் சில நாள்களில் கருவூணில் (பின்னர் மாவு நிறையும் உட்பகுதியில்) உட்கருக்கள் மட்டுமே செல்சுவரின்றிப் பெருகுவதால் நடுப்பகுதி நிறம் மாறாது. ஆனால் பச்சைத் தோலில் தற்காலிக மாவுச்சத்து இருப்பதால் ஓரம் நீலமாகும், புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

செல்சுவர்கள் உருவானபின், இலைகளிலிருந்து வரும் சுக்ரோஸ் என்னும் சர்க்கரை உடைக்கப்பட்டு ஏடிபி-குளுக்கோஸாக (ADP-glucose) மாற, அதிலிருந்து நொதிகள் மாவுச்சத்தின் இரு கூறுகளான அமைலோஸையும் அமைலோபெக்டினையும் கட்டுகின்றன. அமைலோஸைக் கட்டும் நொதிக்குரிய வாக்ஸி மரபணுக்கள் செயலிழந்த வகையில் நீலத்துக்குப் பதிலாகச் செம்பழுப்பு தோன்றும். நுண்ணோக்கி இருந்தால், வில்லை வடிவப் பெரிய துகள்கள் முதலிலும் சிறிய உருண்டைத் துகள்கள் பிற்பாடும் தோன்றுவதைக் காணலாம்.

முதிர்ந்த மணியை ஊறவைத்து நெடுக்காகப் பிளந்து, உயிருள்ள செல்களைச் சிவப்பாக்கும் டெட்ரசோலியத்தின் 1 சதவீதக் கரைசலில் இருட்டில் சில மணி நேரம் வையுங்கள். உயிருள்ள கருவும், கருவூணின் வெளி அடுக்கான அலியூரோனும் சிவக்கும். மாவு நிறைந்த பகுதியின் செல்கள் திட்டமிட்டே இறந்துவிட்டதால் அது வெண்மையாகவே இருக்கும்.