விழுந்த பின் மீண்டும் சேணத்தில் ஏறுதல்

குதிரையிலிருந்து விழுந்தவர் எழுந்த கையோடு மறுபடி ஏறிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் நிலைத்துவிடும் என்று சவாரிக்காரர் பலர் சொல்வதுண்டு. தலையில் அடிபட்டிருந்தால் இது ஆபத்தான ஆலோசனை. மூளை அதிர்ச்சி ஆறுவதற்கு முன் மறுபடி அடிபடுவது பாரதூரமாகக்கூடும் என்பதால், மருத்துவர் அனுமதிக்கும் வரை சவாரி கூடாது. நிலத்தில் மோதிய தலைக்கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் நுரைப்படை ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியை முன்போலத் தாங்காது.

கொழும்பிலோ நுவரெலியாவிலோ, புலம்பெயர்ந்த நாடொன்றிலோ குதிரையில் தடைதாண்டல் பழகி, விழுந்து, காயம் ஆறும்வரை யாழ்ப்பாணத்து வீட்டில் தங்கியிருப்பவருக்கும் செய்யக்கூடிய வேலை உண்டு. விழுந்த விதத்தை அவர் ஒரு கொப்பியில் நிதானமாக எழுத வேண்டும்: குதிரை தடைக்கு முன் திடீரென நின்றதா, அது எழும்புவதற்கு முன்பே தாம் முன்னோக்கிச் சாய்ந்தாரா, திருப்பத்தில் வேகம் குறைந்ததா. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற முறைப்பாட்டைக் கொண்டு பயிற்றுநர் எதையும் திருத்த முடியாது. "வலப்பக்கம் திரும்பித் தடையைக் கண்டதும் என் கைகள் கடிவாளத்தை இறுக்குகின்றன" என்று சொன்னால் அடுத்த பயிற்சி எதுவென்று அவருக்கே தெரிந்துவிடும். மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளர்ந்த உறவினர் சிலர் இதையெல்லாம் கோழைத்தனம் என்று கேலி செய்யக்கூடும். அவர்களுக்குப் பதில் சொல்வது நேர விரயம்.

உடல் இடம் கொடுத்தால், குறிகாட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. அங்குள்ள கட்டாக்காலிக் குதிரைகளை நெருங்காமல் தூரத்தில் நின்று பார்த்தால், ஒன்று தலையை உயர்த்திக் காதுகளை நிமிர்த்தியதும் மற்றவையும் மேய்ச்சலை நிறுத்துவதைக் காணலாம். குதிரை இரையாகும் விலங்கு. ஏறத்தாழ 350 பாகை சுற்றளவைப் பார்க்கக்கூடிய அதற்கு நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்குப் பின்னும் மட்டுமே பார்வை மறைகிறது. அது மிரள்வது நம்மீதுள்ள பகையால் அன்று என்பதை உணர்ந்தவருக்குப் பாதிக் கோபமும் அதனோடு கொஞ்சம் பயமும் குறையும்.

சவாரி செய்பவரின் பதற்றம் குதிரைக்கும் தொற்றுகிறது. சுவீடனில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், குறித்த சுற்றில் குதிரை மிரளக்கூடிய விதமாகக் குடை விரிக்கப்படும் என்று மனிதர்களிடம் சொல்லிவிட்டு, குடையை விரிக்காமலே விட்டார்கள்; அப்படியிருந்தும் அந்தச் சுற்றில் மனிதரின் இதயத்துடிப்போடு குதிரையின் துடிப்பும் கூடியது. ஆகவே பயமில்லாததுபோல் நடிப்பதால் பயன் குறைவு. தடையை நெருங்கும்போது மூச்சை நீளமாக வெளிவிடுவதும், குதிகாலைத் தாழ்த்துவதும், பார்வையைத் தடையின் மேல் வைக்காமல் அதற்கு அப்பாலுள்ள மரத்திலோ வேலியிலோ நிறுத்துவதும் உடலின் இறுக்கத்தைத் தளர்த்தும். இவற்றை வீட்டில் நாற்காலியில் இருந்தபடியே பழகலாம்.

திரும்பி ஏறும் நாளில், விழுத்திய குதிரையையே கேட்டுப் பிடிவாதம் பிடிக்காமல், வயதும் அனுபவமும் மிக்க அமைதியான குதிரையைக் கேட்க வேண்டும். முதலில் பயிற்றுநர் நீண்ட கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்தட்டும். கடிவாளத்தின் பொறுப்பு இல்லாதபோது சேணத்தில் உட்காரும் நிலை தானாகவே நிலைபெறும். பிறகு ட்ரொட் எனப்படும் மெல்லோட்ட நடையில், ஏறத்தாழ 1.3 மீற்றர் இடைவெளியில் நிலத்தில் கிடத்திய கம்பங்களைக் கடக்க வேண்டும். இடைவெளியைக் குதிரையின் நடைக்கேற்பப் பயிற்றுநர் கூட்டிக் குறைப்பார். அடுத்தது குறுக்காக வைத்த இரு கம்பங்களாலான சிறு தடை: அதன் நடு தாழ்ந்திருப்பதால் குதிரை தானே நடுவை நாடும். உயரத்தை ஏற்றும் அவசரத்தில்தான் பலர் மறுபடி உடைகிறார்கள். சலிப்புத் தட்டும்வரை ஒரே உயரத்தில் தாண்டுவதே என் பரிந்துரை. பயம் இருந்த இடத்தில் சலிப்பு வந்துவிட்டால் உயர்த்துவதற்கு நேரம் வந்துவிட்டது. ஒரு நாள் கைகள் மறுபடி இறுகினால், முந்திய படிக்கு இறங்கி, அதை நன்றாகச் செய்து முடித்துவிட்டு அன்றைய பயிற்சியை நிறுத்தலாம்.

முதற் போட்டிக்கு, பயிற்சியில் எளிதாகத் தாண்டும் உயரத்தைவிடத் தாழ்ந்த பிரிவில் பெயர் கொடுக்க வேண்டும். சர்வதேச விதிகளின்படி ஒரு கம்பம் விழுந்தால் 4 தண்டப் புள்ளிகள் மட்டுமே, சவாரி செய்பவர் விழுந்தாலோ அந்தச் சுற்றிலிருந்து நீக்கம். ஆகையால் அன்று வேகத்தையும் எத்தனையாம் இடம் என்பதையும் மறந்து, கம்பங்கள் விழுந்தாலும் பரவாயில்லை என்ற நினைப்போடு கடைசித் தடைவரை ஒரே தாளத்தில் ஓட்டி முடிப்பதையே இலக்காகப் பயிற்றுநரிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும்.