முதலில் பேட்டரி, பிறகு கருவி

கம்பியில்லாக் கருவி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ட்ரில்லின் வேகத்தையும் புல்வெட்டும் இயந்திரத்தின் அகலத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆனால் ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் கருவியில் பொதுவாகப் பொருந்தாது என்பதால், முதல் கருவியோடு வீட்டுக்கு வரும் பேட்டரியே பின்னால் வாங்கப்போகும் ஐந்தாறு கருவிகளையும் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே அடுத்த சில ஆண்டுகளில் உங்களுக்குத் தேவைப்படக்கூடிய கருவிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவை எல்லாம் ஒரே பேட்டரியில் ஓடும் கருவி வரிசை எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். அந்த வரிசை எத்தனை காலமாக மாறாமல் இருக்கிறது என்பதும் முக்கியம். ரியோபி நிறுவனத்தின் 18 வோல்ட் ஒன் பிளஸ் வரிசை 1996 முதல் ஒரே பேட்டரிப் பொருத்தத்தைக் காத்துவருகிறது. இத்தகைய தொடர்ச்சியை நான் எந்தக் கூடுதல் வசதியையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

18 வோல்ட், 20 வோல்ட் என்ற வேறுபாட்டைக் கண்டு குழம்ப வேண்டாம். இரண்டிலும் ஐந்து லித்தியம் அயன் செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. செல்லுக்கு 3.6 வோல்ட் என்ற சராசரியைக் கொண்டால் 18 வரும், சார்ஜ் நிறைந்த நிலையில் உள்ள உச்சத்தைக் கொண்டால் 20 வரும். டிவால்ட் நிறுவனம் அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் விற்பது ஒரே வகைப் பேட்டரியைத்தான்.

பேட்டரியின் உண்மையான அளவுகோல் வாட்-மணி, அதாவது அதில் தேங்கும் மொத்த ஆற்றல். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அது கிடைத்துவிடும்: 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி, கருவி, பேட்டரி, சார்ஜர் மூன்றும் சேர்ந்த கிட்டோடு பெரும்பாலும் தரப்படும் 2 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் இருப்பது 36 மட்டுமே. இலை ஊதும் ப்ளோயர் ஒன்று 600 வாட் இழுக்கிறது என்று கொண்டால், 90 வாட்-மணிப் பேட்டரி ஒன்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். 36 வாட்-மணிப் பேட்டரியோ நான்கு நிமிடம்கூடத் தாங்காது. கழற்றி எடுக்கும்போது கையில் சூடு தெரியும் அளவுக்குச் சின்னப் பேட்டரி திணறுவதை அத்தகைய வேலையில் காணலாம். அந்தச் சூடுதான் அதன் ஆயுளையும் குறைக்கிறது. ட்ரில் அப்படியல்ல, விட்டுவிட்டு ஓடுவதால் அதற்குச் சின்னப் பேட்டரியே போதும், கைக்கும் கனம் குறையும். எனவே பெரிய பேட்டரியைத் தோட்டக் கருவிகளுக்கென்று ஒதுக்குங்கள். 36 வோல்ட் கருவிகள் சிலவற்றில் இரண்டு 18 வோல்ட் பேட்டரிகள் ஒருசேர இருந்தால்தான் ஓடும் என்பதையும் முன்பே கேட்டறியுங்கள்.

விலையை ஒப்பிடும்போது, கிட்டின் விலையிலிருந்து பேட்டரி இல்லாத வெறும் கருவியின் விலையைக் கழித்து, மிச்சத்தை அதில் உள்ள பேட்டரிகளின் மொத்த வாட்-மணியால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தோன்றிய கிட் ஒரு வாட்-மணிக்கு அதிக விலை சொல்வதைப் பல நேரங்களில் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும். சார்ஜரையும் கவனியுங்கள்: 2 ஆம்பியர் சார்ஜர் 5 ஆம்பியர்-மணிப் பேட்டரியை நிரப்ப இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மோட்டார் பிரஷ்லெஸ் வகையாக (உள்ளே உரசும் கார்பன் பிரஷ் இல்லாததாக) இருந்தால் அதே பேட்டரியில் வேலை கூடுதலாக நடக்கும்.

மாற்று நிறுவனப் பேட்டரிகளைக் குறைந்த விலைக்கு வாங்க நினைப்பவர்கள் முதலில் தராசில் வைத்துப் பாருங்கள். 18 வோல்ட்டில் 9 ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பேட்டரி அரை கிலோதான் எடை இருக்கிறது என்றால், அந்த எண் பொய். அத்தனை மின்சாரத்தைத் தேக்கும் செல்கள் மட்டுமே அதைவிடக் கனமானவை. அதிகமாகத் தீர்ந்துபோகாமல் காக்கும் ஏற்பாடு சில வரிசைகளில் பேட்டரியில் இல்லாமல் கருவியில் இருக்கும் என்பதால், வேறு நிறுவனக் கருவியில் அடாப்டர் போட்டு ஓட்டும்போது பேட்டரி கெட்டுப்போக இடமுண்டு.

வாங்கிய பேட்டரியைச் சூடாக இருக்கும்போதே சார்ஜரில் போடாதீர்கள். உறைநிலைக்குக் கீழான குளிரிலும் சார்ஜ் செய்யாதீர்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால், ஏறத்தாழப் பாதி சார்ஜோடு, கருவியிலிருந்து கழற்றி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.