ஜாக்கி நன்றாக ஓட்டினாரா? ரேஸ் பார்க்கப் பழகுபவர்களுக்கு ஒரு செய்முறை

குதிரை ரேஸ் முடிந்ததும் முதலில் கேட்கிற குரல், "ஜாக்கி கெடுத்துட்டான்!" என்பதுதான். எந்த இடத்தில் கெடுத்தார், வேறு என்ன செய்திருக்கலாம் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கடைசி 200 மீட்டரை மட்டும் பார்த்துச் சொல்கிற தீர்ப்பு அது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜாக்கியின் வேலையில் முக்கால்வாசி, கூட்டம் கத்த ஆரம்பிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்த முக்கால்வாசியைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பதிவு.

இது நம் ஊருக்கும் தொடர்புள்ள விஷயம். 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-ல் வந்த தீர்ப்பு, குதிரைப் பந்தயம் பெருமளவு திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று சொன்னது. குதிரையின் பயிற்சியோடு ஜாக்கியின் திறமையும் அந்தக் கணக்கில் அடக்கம். திறமை என்று ஒத்துக்கொண்டால், அதை எடைபோடவும் தெரிய வேண்டும் அல்லவா?

தேவையானவை

ரேஸின் முழு வீடியோ. குதிரைகள் கிளம்பும் கேட் திறப்பதிலிருந்து வேண்டும், முடிவுக்கோட்டுக்கு முன்னால் வரும் நேர்பாதை மட்டும் போதாது. வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி, மொபைலில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு. பணம் கட்டாதீர்கள். பழகும் காலத்தில் ஒரு ரூபாய் கட்டினாலும் கண் அந்த ஒரு குதிரையை விட்டு நகராது; மற்ற ஜாக்கிகள் என்ன செய்தார்கள் என்பதே தெரியாமல் போய்விடும்.

படி 1: முடிவு தெரிந்த ரேஸை எடுங்கள்

யார் ஜெயித்தார் என்பது தெரிந்தால் பரபரப்பு அடங்கும், கவனம் வரும். நான் பரிந்துரைப்பவை இரண்டு. ஒன்று, இங்கிலாந்தின் 1986 எப்சம் டெர்பி. இன்னொன்று, அமெரிக்காவின் 2022 கென்டக்கி டெர்பி. இரண்டிலும் ஒரு குதிரை பின்னாலிருந்து பாய்ந்து வருகிறது. ஒன்று தோற்றது, மற்றது ஜெயித்தது. ஏன் என்று உங்களால் சொல்ல முடிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

படி 2: வேகத்தை அளந்து பாருங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். முன்னால் ஓடும் குதிரை ஒவ்வொரு தூரக் கம்பத்தைத் தாண்டும்போதும் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். ஒரு ஃபர்லாங் 201 மீட்டர். அமெரிக்க ரேஸ்களில் இரண்டு ஃபர்லாங்குக்கு ஒருமுறை நேரம் திரையிலேயே வந்துவிடும். அங்கே குதிரைகள் கேட்டிலிருந்து கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் அதிகாரபூர்வக் கடிகாரம் தொடங்கும் என்பதால், உங்கள் கணக்கு அதோடு அப்படியே ஒத்துப்போகாது. கவலைப்பட வேண்டாம்.

2022 கென்டக்கியைப் பாருங்கள். தூரம் 2,012 மீட்டர், ஓடியவை 20 குதிரைகள். முதல் 402 மீட்டர் 21.78 விநாடியில் போனது. அந்த ரேஸின் வரலாற்றிலேயே மிக வேகமான தொடக்கம் அது. 804 மீட்டருக்கு 45.36 விநாடி. மொத்த நேரம் 2 நிமிடம் 2.61 விநாடி. கழித்துப் பார்த்தால், மீதி 1,200 மீட்டரில் ஒவ்வொரு 402 மீட்டருக்கும் சராசரியாக 25.7 விநாடிக்கு மேல் ஆகியிருக்கிறது. மண் தரையில் கடைசியில் வேகம் குறைவது வழக்கம்தான், ஆனால் இவ்வளவு குறைந்தால் முன்னால் போனவர்கள் சக்தியை ஆரம்பத்திலேயே கரைத்துவிட்டார்கள் என்று பொருள். முதலில் முன்னணியில் போன சம்மர் இஸ் டுமாரோ கடைசியாக வந்தது. ஆரம்பத்தில் 18-வது இடத்தில் ஓடிய ரிச் ஸ்ட்ரைக், 80-க்கு 1 என்ற விலையில் (ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு 80 ரூபாய்) இருந்த, யாரும் எதிர்பார்க்காத குதிரை, ஜெயித்தது.

இப்போது 1986 எப்சம். டான்சிங் பிரேவ் அதுவரை தோற்காத குதிரை, ஃபேவரிட், அதாவது ஜெயிக்கும் என்று பெரும்பாலோர் பணம் கட்டிய குதிரை. ஓட்டியவர் கிரெவில் ஸ்டார்க்கி. ஆரம்ப வேகம் மந்தம். நேர்பாதைக்குள் திரும்பும்போது டான்சிங் பிரேவ் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பின்னால் இருந்தது. அதன்பின் அது வந்த வேகத்தைப் பார்த்தால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனாலும் வால்டர் ஸ்வின்பர்ன் ஓட்டிய ஷாராஸ்தானியிடம் அரைக் குதிரை நீளத்தில் தோற்றது.

முன்னால் போகிறவர்கள் மெதுவாகப் போனால் அவர்களிடம் கடைசிவரை தெம்பு மிச்சமிருக்கும். பின்னாலிருப்பவர் எவ்வளவு பாய்ந்தாலும் எட்டிப் பிடிப்பது கடினம். ஆகவே "பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்" என்பது மட்டும் குற்றச்சாட்டு ஆகாது. என்ன வேகத்தில் போன ரேஸில் பின்னால் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படி 3: திருப்பத்தில் எவ்வளவு வெளியே ஓடினார்?

இரண்டாவது முறை ஓட்டிப் பார்க்கும்போது திருப்பங்களில் மட்டும் கவனம் வையுங்கள். உள்வேலியிலிருந்து உங்கள் குதிரை எத்தனையாவது வரிசை என்று எண்ணுங்கள். கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அரைவட்டத் திருப்பத்தில் ஒரு மீட்டர் வெளியே ஓடினால் 3.14 மீட்டர் கூடுதல் தூரம். கென்டக்கி டெர்பி போல இரண்டு திருப்பம் உள்ள ரேஸில் மூன்று மீட்டர் வெளியிலேயே ஓடினால் கிட்டத்தட்ட 19 மீட்டர் கூடும். ஒரு குதிரை நீளம் சுமார் 2.4 மீட்டர் என்று வைத்தால், அது ஏழெட்டுக் குதிரை நீளம்! ரேஸ்கள் அரை நீளத்திலும் கழுத்து நீளத்திலும் முடிகின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ரிச் ஸ்ட்ரைக்கை ஓட்டிய சோனி லியோனை மறுபடி பாருங்கள். எல்லோருக்கும் வெளியே இருந்த கேட்டிலிருந்து கிளம்பியவர், மெதுவாக உள்ளே இறங்கி வேலியோரம் வந்துவிடுகிறார். நேர்பாதையில் எதிரே களைத்துப்போன மெஸியர் என்ற குதிரை வழியை அடைக்கிறது. அந்த நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். லியோன் அதைச் சுற்றிக் குதிரையை வெளியே எடுக்கிறார், தாண்டியதும் மறுபடி வேலியோரம் நுழைக்கிறார். தயங்கியிருந்தால் முன்னால் போய்க்கொண்டிருந்த எபிசென்டர் என்ற குதிரையைப் பிடித்திருக்க முடியாது. முடிவில் இடைவெளி முக்கால் நீளம்தான். அந்த ஜெயத்தை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

வெளியே ஓடுவது எப்போதும் தவறு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மழை பெய்து உட்புறத் தரை சேறாகிவிட்டால், தெரிந்தே வெளியே போவார்கள். எல்லோரும் வேலியை விட்டு விலகி ஓடினால் தரையில்தான் ஏதோ இருக்கிறது.

படி 4: உட்காரும் விதம்

ஜாக்கி சேணத்தில் உட்காருவதே இல்லை. குட்டையான அங்கவடியில் நின்று, முழங்காலை மடக்கி, முதுகைத் தரைக்கு இணையாக வைத்துக் குனிந்திருப்பார். டாட் ஸ்லோன் என்ற அமெரிக்க ஜாக்கி 1897-ல் இதை இங்கிலாந்தில் செய்துகாட்டியபோது முதலில் கேலி செய்தார்கள். பிறகு எல்லோரும் அதையே பின்பற்றினார்கள். 1900-ஐ ஒட்டிய காலத்தில் பெரிய ரேஸ்களின் நேரம் 5 முதல் 7 சதவீதம் வரை மேம்பட்டதை, 2009-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் குனிந்த நிலையோடு இணைத்துக் காட்டியது. குதிரையின் முதுகு ஏறி இறங்கும்போது ஜாக்கியின் உடல் கூடவே ஏறி இறங்காமல் நிற்கிறது. அவரைத் தூக்கித் தூக்கிப் போடும் வேலை குதிரைக்கு மிச்சம்.

வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஜாக்கியின் தொப்பியை மட்டும் பாருங்கள். குதிரை எவ்வளவு குலுங்கினாலும் தொப்பி ஏறக்குறைய ஒரே உயரத்தில் நகர்ந்தால் அது நல்ல சவாரி. அப்புறம் கைகளைப் பாருங்கள். ஓட்டத்தின் நடுவில் குதிரை தலையைத் தூக்கி, வாயைத் திறந்து கடிவாளத்தோடு மல்லுக்கட்டுகிறதா? அப்படியென்றால் சக்தி வீணாகிறது. சில குதிரைகளின் குணமே அது; ஆனால் கை மென்மையான ஜாக்கி, கொஞ்ச தூரத்துக்குள் அதை அமைதிப்படுத்திவிடுவார்.

படி 5: கடைசி 400 மீட்டரும் சாட்டையும்

நேர்பாதையில் முதலில் கவனிக்க வேண்டியது, ஜாக்கி எப்போது "கேட்டார்", அதாவது குதிரையை முழு வேகத்துக்குத் தூண்டினார் என்பது. கை நகர ஆரம்பிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, குதிரை நேராக ஓடுகிறதா, பக்கவாட்டில் சாய்கிறதா? எப்சம் நேர்பாதை உள்வேலிப் பக்கம் சரிந்திருக்கும். இறக்கத்தில் திரும்பி வந்த குதிரை நிலைகொள்வதற்குள் அவசரப்படுத்தினால் கால் தடுமாறும். டான்சிங் பிரேவ் இறக்கத்தில் நிலைகொள்ளவில்லை, அதனால்தான் காத்திருக்க வேண்டியிருந்தது என்று ஸ்டார்க்கிக்கு ஆதரவாகச் சொல்வார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மந்தமான ரேஸில் அவ்வளவு பின்னால் இருந்த தவறை அது முழுசாக மூடிவிடாது என்பது என் முடிவு. அதே ஆண்டு பாட் எடெரி ஓட்டியபோது, டான்சிங் பிரேவ் இங்கிலாந்தின் ஆஸ்காட்டில் ஷாராஸ்தானியையும் தோற்கடித்தது, பாரிஸில் ஆர்க் என்ற பெரிய பந்தயத்தையும் வென்றது.

சாட்டைக்கு வருவோம். அதிகம் அடித்தவர் அதிகம் முயன்றார் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தப்பு. நார்வே 1982-லேயே சாட்டையடிக்குத் தடை போட்டது. பிரிட்டனில் 2023 முதல் சமதள ரேஸில் 6 அடி, தடை தாண்டும் ரேஸில் 7 அடிதான் வரம்பு. வரம்புக்கு மேல் நான்கு அடி கூடினால் குதிரையே தகுதியிழக்கும். சாட்டையை ஓங்கும் ஒவ்வொரு முறையும் ஜாக்கியின் சமநிலை கொஞ்சம் குலையும், ஒரு கை கடிவாளத்தை விடும். சாட்டையைத் தொடாமல் கையும் காலும் குதிரையின் தாளத்தோடு சேர்ந்து தள்ளுவதைப் பாருங்கள். தேர்ந்த ஜாக்கியை அங்கேதான் அடையாளம் காணலாம். களைத்து, இனி முடியாது என்று ஆன குதிரையை அடிப்பவரை எந்தச் சாக்கும் சொல்லிக் காப்பாற்றக் கூடாது.

படி 6: இடைஞ்சல் நடந்ததா?

முன்பக்கக் கேமரா காட்சி இருந்தால் கட்டாயம் பாருங்கள். பக்கவாட்டில் தெரியாதது அதில் தெரியும். 2019 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த மேக்சிமம் செக்யூரிட்டி, கடைசித் திருப்பத்தில் வெளியே விலகி மற்ற குதிரைகளின் பாதையில் குறுக்கிட்டது. அதிகாரிகள் சுமார் 22 நிமிடம் படம் பார்த்து, அதை 17-வது இடத்துக்கு இறக்கினார்கள். இரண்டாவதாக வந்த கன்ட்ரி ஹவுஸ் வெற்றி பெற்றது. இதே சம்பவம் பிரிட்டனில் நடந்திருந்தால் கேள்வியே வேறு: இடைஞ்சல் இல்லாவிட்டால் பாதிக்கப்பட்ட குதிரை இதை முந்தியிருக்குமா? இல்லையென்றால் இடம் மாறாது, ஜாக்கிக்குத் தண்டனை தனியாக உண்டு. எந்த ஊர் விதி என்று தெரியாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

படி 7: கருத்தை எழுதுங்கள்

பார்த்ததை மூன்று நான்கு வரியில் எழுதுங்கள். "படு மோசம்" என்று எழுதாமல், "முதல் 800 மீட்டர் மந்தம், இவர் கடைசியில், திருப்பத்தில் நான்காவது வரிசை, 300 மீட்டரில் கேட்டார், குதிரை உடனே பதில் கொடுத்தது, நேரம் போதவில்லை" என்று எழுதுங்கள். படிக்கிறவர் அதே வீடியோவைப் பார்த்து உங்களை மறுக்க வழி இருக்க வேண்டும். மறுத்தால் மறுபடி பாருங்கள், சரியென்றால் திருத்துங்கள்.

ஜாக்கியின் குடும்பத்தை, சாதியை, நாட்டை இழுக்கிற ஒரு வார்த்தையும் வேண்டாம். எடை குறைக்கப் பட்டினி கிடந்து, அரை டன் எடையுள்ள விலங்கின் மேல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் அவர். விழுந்தால் ஆம்புலன்ஸ் பின்னாலேயே வரும். விமர்சனம் கடுமையாக இருக்கலாம், ஆனால் சவாரியைப் பற்றி மட்டும் இருக்கட்டும்.

இந்த இரண்டு ரேஸையும் முடித்த பிறகு, 1985 எப்சம் டெர்பியைத் தேடுங்கள். ஸ்டீவ் காத்தன், ஸ்லிப் ஆங்கர் என்ற குதிரையில் தொடக்கத்திலிருந்தே முன்னால் போய் ஏழு நீளத்தில் ஜெயிக்கிறார். ஸ்டாப்வாட்சை எடுத்து, ஒவ்வொரு ஃபர்லாங்கையும் அவர் எப்படிப் பங்குபோட்டார் என்று எழுதிப் பாருங்கள்.